மரத்துக்கும் மதிப்பெண்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வீடு கட்டுவதில் எத்தனை வகைச் சண்டைகள் உண்டு என்பதைக் கொத்தனாரும் ஆசாரியும் வந்து போகும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் இங்கே கூற விரும்புவது அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு சண்டை. ஒரு கட்டடத்துக்காக வாங்கிய பலகையைக் காட்டி, "இது காட்டைக் கெடுக்காமல் வெட்டிய மரம்" என்று சான்று கூறும் உரிமை யாருக்கு உண்டு என்பதே வழக்கு. சுற்றுச்சூழல் சங்கங்கள், மரக் கம்பெனிகள், கட்டடக் கலைஞர்கள், மாநில ஆளுநர்கள் என்று பலரும் இதில் இறங்கி ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். இத்தனைக்கும் மூலகாரணம் ஒரே ஒரு மதிப்பெண். அரை மதிப்பெண்ணுக்காக விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையின் பின்னால் ஓடும் நமக்கு இச்செய்தி சற்று ஆறுதலாக இருக்கும்.

அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். மின்சாரத்தையும் தண்ணீரையும் வீணாக்காமல், சுற்றுப்புறத்தைக் கெடுக்காமல் கட்டப்படும் கட்டடத்தைப் பசுமைக் கட்டடம் என்கிறார்கள். தன் கட்டடம் பசுமையானது என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் ஆசைதான். அதைச் சோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? 1993-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் தோன்றியது. அது 'லீட்' என்ற பெயரில் ஒரு தேர்வு முறையை வகுத்து, 1998-இல் சோதித்துப் பார்த்து, 2000-இல் பொதுப் பயனுக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ நம் பள்ளித் தேர்வு போலவேதான். மழைநீரைத் தேக்கினால் மதிப்பெண், வெயில் வெளிச்சம் உள்ளே வரும்படி சன்னல் வைத்தால் மதிப்பெண், பழைய செங்கல்லை மீண்டும் பயன்படுத்தினால் மதிப்பெண். தொடக்க காலத்தில் மொத்தம் 69 மதிப்பெண்கள் இருந்தன. 26 பெற்றால் தேர்ச்சி. 33 பெற்றால் வெள்ளி. 39 பெற்றால் தங்கம். 52 பெற்றால் பிளாட்டினம்.

இந்த 69-இல் மரத்துக்கென்று ஒரு மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். கட்டடத்துக்குப் புதிதாக வாங்கும் மரத்தின் விலையில் பாதியாவது, எஃப்.எஸ்.சி. என்ற அமைப்பின் சான்று பெற்ற காட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேறு எந்தச் சான்றும் செல்லாது. வேறு மரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று லீட் தடை விதிக்கவில்லை. பயன்படுத்தினால் அந்த ஒரு மதிப்பெண் கிடைக்காது, அவ்வளவே. ஆனால் 25-இல் நிற்கும் கட்டடத்துக்கு அந்த ஒன்றுதான் தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையே உள்ள கோடு. மேலும் அமெரிக்காவில் பல நகராட்சிகளும் மாநிலங்களும், தம் புதிய கட்டடங்கள் லீட் சான்று பெற வேண்டும் என்று விதி செய்தன. பள்ளிக்கூடம், நூலகம், அலுவலகம் என்று அரசு கட்டும் கட்டடங்கள் கொஞ்சமா? ஆகவே மர வியாபாரிகளின் கண்ணுக்கு அது ஒரு மதிப்பெண்ணாகத் தெரியவில்லை. ஒரு பெரிய சந்தையின் வாசற்கதவாகத் தெரிந்தது.

சரி, எஃப்.எஸ்.சி.க்கு மட்டும் ஏன் இந்தத் தனி மரியாதை? இதற்கு 1980-களுக்குப் போக வேண்டும். அமேசான் காடும், போர்னியோத் தீவின் காடும், மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளும் வேகமாக அழிவதைக் கண்டு உலகெங்கும் மக்கள் மனம் கலங்கிய காலம் அது. வெப்பமண்டல மரத்தையே வாங்க மாட்டோம் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் கிளம்பினர். கேட்க நன்றாக இருந்தாலும் அதில் ஓர் ஆபத்து இருந்தது. மரத்துக்கு விலையே இல்லை என்றாகிவிட்டால், காட்டை வைத்திருப்பவர் அதை எரித்துவிட்டு மாட்டுக்குப் புல்லோ, விற்பனைக்கு சோயாவோ போடுவார். அப்போது காடும் போயிற்று, மரமும் போயிற்று. எனவே வாங்காமல் இருப்பதைவிட, நல்ல முறையில் வெட்டிய மரத்தை அடையாளம் கண்டு வாங்குவதே மேல் என்ற எண்ணம் பிறந்தது. 1992-இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். காடுகளைக் காக்கக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றும் அங்கே உருவாகவில்லை. விரும்பினால் பின்பற்றலாம் என்ற கொள்கைகளை எழுதிவிட்டுக் கலைந்தார்கள். அரசுகள் செய்யாததை நாமே செய்வோம் என்று அடுத்த ஆண்டு, 1993-இல், கனடாவின் டொராண்டோ நகரில் சுற்றுச்சூழல் அமைப்பினரும், மர வணிகர்களும், பழங்குடி மக்களுக்காகப் பேசுவோரும் கூடி ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், சுருக்கமாக எஃப்.எஸ்.சி., என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் தலைமையகம் முதலில் மெக்சிகோவில் இருந்தது. 2003-இல் ஜெர்மனியின் பான் நகருக்கு மாறியது.

இவ்வமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வாக்களிக்கும் முறை. உறுப்பினர்களை மூன்று அவைகளாகப் பிரித்துள்ளார்கள். ஒன்று வணிகர்களுக்கு, ஒன்று சுற்றுச்சூழலாருக்கு, ஒன்று தொழிலாளர், பழங்குடியினர் போன்ற சமூகத்தாருக்கு. மூன்றுக்கும் சமமான வாக்குப் பலம். பணக்காரக் கம்பெனிகள் ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அவர்களின் பலம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. காட்டில் வாழும் மக்களின் சம்மதமின்றி அங்கே வெட்டக் கூடாது, இயற்கைக் காட்டை அழித்துவிட்டுத் தோட்டம் போடக் கூடாது, சில கொடிய பூச்சிமருந்துகளைத் தொடவே கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. வெளியார் ஒருவர் ஆண்டுதோறும் வந்து தணிக்கை செய்வார்.

இப்போது எதிர்த்தரப்பு. எஃப்.எஸ்.சி. பிறந்த மறு ஆண்டே, 1994-இல், அமெரிக்காவின் காகித, மரக் கம்பெனிகளின் சங்கம் தனக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சஸ்டெய்னபிள் ஃபாரஸ்ட்ரி இனிஷியேட்டிவ், அதாவது எஸ்.எஃப்.ஐ., என்பது அதன் பெயர். முதலில் அது சங்க உறுப்பினர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்காக இருந்தது. பின்னர் வெளியார் தணிக்கை வந்தது. 2005-இல் ஐரோப்பாவில் தோன்றிய பி.இ.எஃப்.சி. என்ற உலகக் கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. 2007-இல் அது சங்கத்தின் பிடியிலிருந்து விலகித் தனி அமைப்பாயிற்று. வெட்டிய இடத்தில் மீண்டும் காடு வளர வேண்டும், ஓடைகளைப் பாதுகாக்க வேண்டும், மரம் வெட்டுவோருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பன இதன் விதிகளில் சில. அமெரிக்காவிலும் கனடாவிலும் எஃப்.எஸ்.சி.யைவிட மிகுந்த பரப்புள்ள காடுகள் எஸ்.எஃப்.ஐ. சான்றின் கீழ் உள்ளன.

"மாணவியே கேள்வித்தாளைத் தயாரித்து, மாணவியே பதில் எழுதி, மாணவியே திருத்துவது போன்றது இது" என்பது எஸ்.எஃப்.ஐ.யைக் குறை கூறுவோரின் வாதத்தின் சாரம். ஒரே இடத்தில் எல்லா மரங்களையும் மொட்டையடித்து வெட்டுவதை அவர்கள் முக்கியமாகச் சுட்டிக்காட்டினார்கள். எஸ்.எஃப்.ஐ. விதிப்படி அப்படி வெட்டும் இடங்களின் சராசரிப் பரப்பு 120 ஏக்கரைத் தாண்டக் கூடாது. 120 ஏக்கர் என்பது 60-க்கும் மேற்பட்ட கால்பந்து மைதானங்கள்! அதிலும் அது சராசரிதான்; ஒன்று சிறியதாக இருந்தால் இன்னொன்று பெரியதாக இருக்கலாம். எஃப்.எஸ்.சி.யின் வரம்பு பகுதிக்குப் பகுதி மாறும். பல இடங்களில் இதைவிடக் கடுமையானது. மறுபக்கத்தார் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். டக்ளஸ் ஃபர் போன்ற மரத்தின் கன்று நிழலில் நன்றாக வளராது. அதற்கு நல்ல வெயில் வேண்டும். ஆகவே திறந்த வெளி உண்டாக்கி வெட்டுவது எல்லாக் காட்டிலும் பாவமாகிவிடாது என்கிறார்கள். தாவரவியல் பாடத்தில் ஒளிச்சேர்க்கை படித்தவர்கள் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

சான்றிதழ் என்பது ஏன் இவ்வளவு அவசியமாகிறது என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டுக் கதவுகளைச் செய்த ஆசாரித் தாத்தா, பலகையை விரலால் தட்டிப் பார்த்தும் மோந்து பார்த்தும் தேக்கா, வேங்கையா, பலாவா என்று சொல்லிவிடுவார். "இது எந்தக் காட்டு மரம் தாத்தா? எப்படி வெட்டினார்கள்?" என்று கேட்டேன். "அதைக் கடைக்காரன்கிட்டக் கேளு பாப்பா, மரத்துக்கு வாயா இருக்கு?" என்றார். கடைக்காரரைக் கேட்டால் அவர் டிப்போக்காரரைக் கைகாட்டினார். இதுதான் சிக்கல். மரத்தின் ரேகை அது என்ன மரம் என்று சொல்லும். அது திருட்டு மரமா, நேர்மையாக வெட்டிய மரமா என்று சொல்லாது. அதனால்தான் காடு, அறுப்பு ஆலை, மொத்த வியாபாரி, பலகைக் கடை என்று கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கணக்கு எழுதி, சான்று பெற்ற மரம் மற்ற மரத்தோடு கலந்துவிடாமல் தொடர்ந்து வருவதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சான்று அங்கேயே நின்றுவிடும்.

இதற்கெல்லாம் செலவு ஆகும். அமெரிக்காவில் காட்டின் பெரும்பகுதி அரசுடையதன்று. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சிறு நிலமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் உண்டு. அவர்களுக்கென்று 1941-லேயே மரப் பண்ணைத் திட்டம் ஒன்று ஏற்பட்டு நடந்து வருகிறது. "நாங்கள் மூன்று தலைமுறையாகக் காட்டைக் காத்து வருகிறோம். எங்கள் மரத்துக்குப் பூஜ்யம், எங்கோ தொலைவிலிருந்து கப்பலில் வரும் மரத்துக்கு மதிப்பெண்ணா?" என்பது இவர்கள் குறை. உள்ளூர்ப் பொருளுக்கு லீட் தேர்வில் வேறு மதிப்பெண் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இவர்களின் இன்னொரு கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. சிமெண்டும் இரும்பும் செய்ய எவ்வளவு கரியும் நெருப்பும் வேண்டும்! அவற்றிடம் கேட்காத பிறப்புச் சான்றிதழை மரத்திடம் மட்டும் கேட்பானேன் என்பதே அது. இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கும் கொஞ்சம் அவர்கள் பக்கம் சாயத் தோன்றியது.

வாதம் முற்றவே பசுமைக் கட்டட மன்றம், தனிப் பெயரைக் குறிப்பிடாமல் பொதுவான அளவுகோல் ஒன்றை எழுதி, அதை நிறைவேற்றும் எந்தச் சான்றையும் ஏற்கலாம் என்று வழி தேடியது. வரைவு மேல் வரைவாக எழுதித் திருத்தினார்கள். 2010 டிசம்பரில் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. எஃப்.எஸ்.சி.யே நின்றது.

வாக்கில் கிடைக்காததை மரக்காரர்கள் அரசியலில் தேடினார்கள். நாட்டின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்ற மாநிலம் இருக்கிறது. அதன் நிலத்தில் 100-க்கு ஏறத்தாழ 90 பங்கு காடு. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இந்த விகிதம் இல்லை. 2011 டிசம்பரில் அதன் ஆளுநர் பால் லெபாஜ் ஓர் ஆணை பிறப்பித்தார். எல்லா மரச் சான்றுகளையும் சமமாக மதிக்கும் பசுமை முறையைத்தான் அரசுக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தலாம் என்றது அது. லீட் என்ற பெயரை வெளியே தள்ளுவதே அதன் விளைவு. 2012-இல் ஜார்ஜியா மாநில ஆளுநரும் இதைப் போன்ற ஆணையிட்டார். இதற்கிடையில் 'கிரீன் குளோப்ஸ்' என்ற போட்டித் தேர்வு முறை எல்லாச் சான்றுகளையும் ஏற்றுக்கொண்டு வளர்ந்து வந்தது. 2013-இல், அரசுக் கட்டடங்களை நிர்வகிக்கும் மத்தியத் துறை, லீட், கிரீன் குளோப்ஸ் இரண்டையுமே பயன்படுத்தலாம் என்று சிபாரிசு செய்தது. ஒரு தேர்வு கடினம் என்றால் வேறு தேர்வு எழுதலாம் என்ற வசதி நமக்கு மட்டும் இல்லை!

இதற்குப் பின் நடந்ததுதான் கதையில் எதிர்பாராத திருப்பம். 2016 ஏப்ரலில் பசுமைக் கட்டட மன்றமே இறங்கி வந்தது. சோதனை முறையில் ஒரு மாற்று வழியை அறிவித்தது. அதன்படி மரத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: சட்டப்படி வெட்டியது, பொறுப்போடு வெட்டியது, முழுச் சான்று பெற்றது. கட்டடத்தில் உள்ள எல்லா மரமும் முதற்படியையாவது தாண்டியிருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு இரண்டாம் படியை எட்ட வேண்டும். எஸ்.எஃப்.ஐ. மரம், மரப் பண்ணைக் குடும்பங்களின் மரம் ஆகியவற்றுக்கும் இதனால் கதவு திறந்தது. மன்றம் கூறிய காரணம், திருட்டு மரத்தைத் தடுப்பது என்பதாகும்.

அக்காரணம் வெறும் சாக்கு அன்று. திருட்டு மர வணிகத்தைத் தடுக்க அமெரிக்கா 2008-இல் தன் பழைய லேசி சட்டத்தைத் திருத்தியிருந்தது. தரைப்பலகை விற்கும் லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற பெரிய கம்பெனி 2015-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சைபீரியப் புலிகள் வாழும் ரஷ்யாவின் கிழக்குக் கோடிக் காடுகளில் கள்ளத்தனமாக வெட்டிய ஓக் மரம், சீனாவில் பலகையாக அறுக்கப்பட்டு அமெரிக்கக் கூடங்களில் தரையாகியிருந்தது. 2016 பிப்ரவரியில் விதிக்கப்பட்ட தண்டனைத் தொகை 130 இலட்சம் டாலருக்கும் மேல். புலியின் வீட்டைப் பிரித்து மனிதன் தன் வீட்டுக்குத் தளம் போட்ட கதை!

எஃப்.எஸ்.சி. ஆதரவாளர்கள் இந்த மாற்று வழியைக் கண்டு கொதித்தார்கள். முதல் வகுப்புக்குரிய பரிசை, தேர்ச்சி பெற்ற அனைவருக்கும் பங்கிட்டால் எவர் உயர முயல்வார் என்று கேட்டார்கள். அது நியாயமே. ஆனால் நான் இதில் ஒன்றைக் கவனித்தேன். பழைய விதி, பாதி மரம் எஃப்.எஸ்.சி. என்றால் போதும், மற்றப் பாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த மற்றப் பாதி, புலிக்காட்டு ஓக்காக இருந்திருந்தாலும் மதிப்பெண் கிடைத்திருக்கும். புதிய வழியோ ஒவ்வொரு பலகைக்கும் குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்கிறது. ஒரு சிலரை மிக உயரத்தில் நிறுத்துவதா, எல்லோரையும் ஒரு படியாவது ஏற்றுவதா என்ற வழக்கு இது. பள்ளி ஆசிரியைகளுக்கு இது பழக்கமான தலைவலியாக இருக்கும்.

எஃப்.எஸ்.சி.யும் மாசு மறுவற்றதன்று. அது தோன்றிய காலத்திலிருந்து கூட இருந்த கிரீன்பீஸ் அமைப்பின் சர்வதேசத் தலைமை, காடுகள் போதிய அளவு காக்கப்படவில்லை என்று கூறி 2018-இல் விலகிவிட்டது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டதும் ரஷ்யா, பெலாரஸ் நாடுகளின் மர வணிகச் சான்றுகளை எஃப்.எஸ்.சி. நிறுத்தி வைக்க நேர்ந்தது. பி.இ.எஃப்.சி.யும் அந்நாட்டு மரத்தைப் போர் மரம் என்று ஒதுக்கியது. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பலவீனமும் உண்டு. தணிக்கை செய்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர், தணிக்கை செய்யப்படும் காட்டுக்காரரோ ஆலைக்காரரோதான். விடைத்தாளைத் திருத்துபவருக்கு நாமே கூலி கொடுத்தால் அவர் சிவப்பு மையை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவார்? கண்டிப்பானவர்கள் இருக்கவே செய்வார்கள். என்றாலும் நெஞ்சில் ஒரு முள் உறுத்தத்தான் செய்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. வெப்பமண்டலக் காடுகளைக் காப்பாற்றவே இம்முயற்சி தொடங்கியது. இன்றோ சான்று பெற்ற காடுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான் உள்ளது. மருந்து வாங்கியது ஒரு நோயாளிக்கு, குடித்தது வேறொருவர்.

வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மரத்தின் தேவை கூடிக்கொண்டே போகிறது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அடுக்குமாடிகளே கட்டுகிறார்கள். நார்வே நாட்டில் 2019-இல் 85 மீட்டர் உயரத்தில் ஒரு மரக் கட்டடமும், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-இல் 25 மாடி கொண்ட ஒன்றும் எழுந்தன. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். மரம் காற்றிலிருந்து எடுத்த அந்தக் கார்பன் கட்டடம் நிற்கும்வரை உள்ளேயே பூட்டியிருக்கும். வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளர்ந்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும். வளர்ந்ததா என்று பார்த்துச் சொல்ல மறுபடியும் ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. ஐதராபாத்தில் இந்தியத் தொழிலகக் கூட்டமைப்பின் பசுமை வணிக மையக் கட்டடம் லீட் தேர்வில் பிளாட்டினம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அத்தரத்தைப் பெற்ற முதற்கட்டடம் அதுவே. 2004-இல் அதைத் திறந்து வைத்தவர் நம் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அவர்கள். 2019-இல் இந்தியாவுக்கென உருவாக்கிய வனச் சான்று முறையைப் பி.இ.எஃப்.சி. ஏற்றுக்கொண்டது.

தோழியரே, இந்த இரண்டு கட்சிகளையும் பார்க்க நீங்கள் அமெரிக்கா செல்ல வேண்டாம். காகிதமும் மரந்தானே! உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையையோ, பால் பெட்டியின் அடிப்பக்கத்தையோ திருப்பிப் பாருங்கள். சரி என்று நாம் போடும் குறியோடு சேர்ந்த மரப் படம் இருந்தால் அது எஃப்.எஸ்.சி. வட்டத்துக்குள் இரண்டு மரங்கள் இருந்தால் அது பி.இ.எஃப்.சி. எஃப்.எஸ்.சி. படத்தின் கீழே 'மிக்ஸ்' என்று எழுதியிருந்தால், சான்று பெற்ற காட்டு மரத்தோடு, பழைய காகிதமோ, சில குறைந்தபட்ச நிபந்தனைகளை மட்டும் நிறைவேற்றிய வேறு காட்டு மரமோ கலந்திருக்கலாம் என்று பொருள். முழுவதும் சான்று பெற்ற மரம் என்றால் '100%' என்று போட்டிருக்கும். அருகிலேயே சி என்ற ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் சிறிய அச்சில் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு, எந்தக் கம்பெனிக்கு அச்சான்று வழங்கப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று எவரும் சரிபார்க்கலாம். என் புவியியல் நோட்டில் 'மிக்ஸ்' என்றுதான் இருக்கிறது.